பெற்றோலில் ஊறிய நாலு துண்டுக் குழாய்

காருக்கு வேறு எஞ்சின் பூட்டி மூன்றாவது கிழமை, என் மனைவி அதில் ஏறமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஒற்றைக் காலில் என்று எழுதுகிறேனே தவிர, எட்டு மாத வயிற்றோடு இரண்டு காலில் நிற்பதே அவளுக்குப் பெரும்பாடாக இருந்த நேரம் அது. கரம்பொன்னில் வாழ்க்கைப்பட்டிருந்த அவளுடைய அக்கா வீட்டுக்குப் போகப் புறப்பட்டு, கார்க் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டவள் விட்ட வேகத்திலேயே வெளியே எடுத்துவிட்டாள்.

"பெற்றோல் மணக்குது."

"கார் எண்டால் பெற்றோல்தானே மணக்கும்? பின்னை என்ன, மல்லிகைப்பூவோ மணக்கும்?"

"முந்தி மணக்கேல்லை. இப்ப மணக்குது. நான் ஏறமாட்டன்."

நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாளுக்கு முன்னர்தான் ஊர் மருத்துவிச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "பிள்ளை குறுக்கை கிடக்குது தம்பி. இஞ்சை வச்சுப் பாக்கேலாது. வயித்து நோ வரட்டும் எண்டு காத்திருக்காதேயும். இந்த மாதம் முடிய முன்னம் பெரியாஸ்பத்திரியிலை கொண்டுபோய் விட்டிடும். பஸ்ஸிலை மட்டும் ஏத்திப்போடாதேயும்."

பெரியாஸ்பத்திரி என்றால் புளியங்கூடலில் இருந்து வேலணை கடந்து, பண்ணைப் பாலம் தாண்டி, யாழ்ப்பாணப் பட்டணம் வரைக்கும் போகவேண்டும். நான் வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்தவன். ஊரில் யாருக்கு நோ வந்தாலும், யாருக்குப் பாம்பு கடித்தாலும் என் படலையில்தான் வந்து தட்டுவார்கள். அப்படிப்பட்டவனுடைய மனைவி அவனுடைய காரில் ஏறமாட்டாளாம்.

அந்தக் காரின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏ நாற்பதை ஊரில் ஏ போட்டி என்று சொல்வோமே, அந்தப் பழைய இங்கிலாந்துக் கார். எனக்கு முன்னர் ஒரு தபால் அதிபரும் அவருக்கு முன்னர் ஒரு தோட்டக்காரத் துரையும் வைத்திருந்தார்கள் என்று கேள்வி. நல்ல கார்தான். அதைக் கெடுத்தது எங்கள் கிணறு. தீவுப்பகுதிக் கிணறுகளில் பாதி உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர் என்பது தெரிந்த கதை. நல்ல தண்ணீரைக் குடத்தில் அளந்து குடிக்கிற ஊரில், அதைக் கொண்டுபோய்க் காரின் ராடியேற்றருக்குள் ஊற்ற யாருக்கு மனம் வரும்? நானும் சவர்த் தண்ணீரைத்தான் ஊற்றினேன். அது எஞ்சினை உள்ளுக்குள்ளேயே அரித்து, ஒரு நாள் வேலணைச் சந்தியில் வெந்நீரையும் எண்ணெயையும் ஒன்றாகக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. பார்க்க வந்த ஒருவர், "உன்ரை கார் தேத்தண்ணி போடுது, சீனியைக் கொண்டு வரட்டோ?" என்று கேட்டார். ஆட்கள் சொல்லும் கதைகளைச் சேர்த்து வைப்பது என் பழக்கம். சிலர் முத்திரை சேர்ப்பதில்லையா, அப்படி. ஆனால் அந்தக் கதையைச் சேர்த்து வைக்க எனக்கு ஐந்தாறு மாதம் பிடித்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. வெளிநாட்டுச் சாமான் கப்பலில் வருவது நின்றுபோயிருந்தது. புது எஞ்சினுக்கு எங்கே போவது? பட்டணத்தில் மரத்தோடு மோதி முகம் நசுங்கிய ஒரு வானின் எஞ்சின், கம்பனி வேறாக இருந்தாலும் பெற்றோலில் ஓடுகிற எஞ்சின், ஒரு கராஜின் கோடிக்குள் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, பார்த்து, பேசி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். காருக்குள் அதை இறக்கிப் பூட்டித் தந்தவர் ஊர்காவற்றுறையில் இருந்த ஒரு கடல் மெக்கானிக். மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்தான் அவருடைய தொழில். அலையில் ஆடிக்கொண்டிருக்கும் வள்ளத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் எஞ்சினைக் கழற்றிப் பூட்டக்கூடிய மனிதர். நான் அவரை அண்ணை என்பேன். அவருக்கு நான் தம்பி.

எஞ்சின் ஒரு மாதிரி உட்கார்ந்துவிட்டது. எஞ்சினைத் தாங்கும் இரும்புகளை வெட்டி ஒட்டி, இருந்ததை வளைத்து, இல்லாததைத் தட்டிச் செய்து பொருத்திவிட்டார். மிச்சம் இருந்தது பெற்றோல் குழாய். காரின் பின்பக்கத்துப் பெற்றோல் தாங்கியில் இருந்து முன்னால் இருக்கும் எஞ்சினுக்குப் பெற்றோலைக் கொண்டுவரும் குழாய். பழைய எஞ்சினின் பெற்றோல் பம்ப் இடப்பக்கம். புதியதில் வலப்பக்கம், புகைக்குழாய் இறங்கும் பக்கம். அதனால் பழைய இரும்புக் குழாய் உதவாது. உதவினாலும் வைத்திருக்க ஏலாது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தில் கடல் தூவானமாக எழும்பிக் காரின் அடிவயிற்றை நனைத்துவிடும். அந்தக் குழாயைக் கழற்றி நகத்தால் சுரண்டினேன், பொரித்த அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

"இரும்பை விடும் தம்பி," என்றார் அண்ணை. "உப்புக் காத்துக்கு இரும்பு சாப்பாடு. நான் ஒரு சாமான் தாறன் பாரும்."

அவர் எடுத்து வந்தது, வள்ளங்களில் எண்ணெய் ஓட வைக்கும் பிளாஸ்டிக் ரியூப். கண்ணாடி மாதிரி வெள்ளை. உள்ளே எண்ணெய் ஓடுவது தெரியும், காற்றுக் குமிழி வந்தாலும் தெரியும்.

"ஆறு வருசமாய்க் கடல் தண்ணியிலை கிடக்கிற வள்ளத்திலை உதுதான் கிடக்குது. ஒண்டும் ஆகேல்லை. கடலிலை நிண்டது கரையிலை நிக்காதோ?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தீவில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் பட்டிருக்கும். எங்களுக்கு எதிரி என்றால் உப்புத்தான். யன்னல் கம்பியைத் தின்பது உப்பு. சைக்கிள் செயினைத் தின்பது உப்பு. சவர்த் தண்ணீராக வந்து என் எஞ்சினைத் தின்றதும் அதுதான். உப்புக்கு நிற்கிறதா என்று கேட்டுவிட்டால் வேறு கேள்வியே இல்லை. வாங்கிப் பூட்டினோம். ரியூபின் இரண்டு நுனிகளையும் இணைப்புகளில் செருகி, வள்ளத்துக்காரர் கயிற்று நுனியில் சுற்றுவது போல நைலோன் நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டினார் அண்ணை. கட்டென்றால் கட்டு! திமிங்கிலம் இழுத்தாலும் அவிழாது என்று நான்தான் சொன்னேன். கார் ஓடியது. பழைய எஞ்சினைவிடச் சத்தம் குறைவு. நயினாதீவுக்குப் படகேறப் போகிற சனத்தை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கும் வீட்டுக்குமாக இரண்டு கிழமை ஓடித் திரிந்தேன்.

அதன் பிறகுதான் இவளுடைய மூக்கு.

முதல் நாள் பொனற்றைத் திறந்து ஒவ்வொரு மூட்டாகத் தடவிப் பார்த்தேன். ஈரம் இல்லை. இருந்தாலும் அவளுடைய மனத் திருப்திக்காக, பெற்றோல் கசிவுக்குக் கராஜ்காரர் எல்லாரும் செய்கிற வைத்தியத்தைச் செய்தேன். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தை விரலால் குழைத்து, மூட்டுகளைச் சுற்றிப் பூசினேன். பெற்றோல் சவர்க்காரத்தைக் கரைக்காது. இறுகி நிற்கும்.

"இப்ப ஏறிப் பாரும்."

தலையை விட்டாள். எடுத்தாள். "இப்ப சவர்க்காரமும் மணக்குது, பெற்றோலும் மணக்குது."

எங்கள் சந்திக் கடைக்காரர் காரை மணந்து பார்த்துவிட்டு என்னைத் தேற்றினார். "பிள்ளைத்தாச்சிப் பெட்டையளின்ரை மூக்கு அப்பிடித்தான். என்ரை மனிசி மூத்தவன் வயித்திலை இருக்கேக்கை என்னையே கிட்ட விடேல்லை, சுருட்டு மணக்குதாம். நான் சுருட்டுக் குடிக்கிறேல்லை!" மச்சாள், அதாவது என் மனைவியின் அக்கா, தங்கச்சி வராததால் தானே கரம்பொன்னில் இருந்து வந்து எங்களோடு தங்கிவிட்டவர், தானும் மணந்து பார்த்துவிட்டு இன்னொரு விதமாகச் சொன்னார். "உவள் நெடுந்தீவிலை மாட்டுப்பட்டிக்குள்ளை வளர்ந்தவள். பாலை மூடி வச்சிருக்க, மூடியைத் திறக்காமல் இது பின்னேரம் திரையும் எண்டு சொல்லுவாள். திரையும். உவளின்ரை மூக்கோடை வழக்காடாதையுங்கோ."

நான் வழக்காடினேன். "மூண்டு பேர் மணந்து பாத்தம், ஒருத்தருக்கும் மணக்கேல்லை" என்றேன். அவள் கதிரையில் சாய்ந்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, கோபமில்லாமல் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, வள்ளம் எதிலை ஓடுது?"

"டீசலிலை."

"கார்?"

"பெற்றோலிலை."

"அப்ப, அந்த ரியூப் பெற்றோலை முந்திப் பிந்திக் கண்டிருக்கோ?"

நாங்கள் இரண்டு ஆம்பிளைகள் குந்தியிருந்து, குழாய்க்கு வெளியே என்ன வீசுகிறது என்றே யோசித்திருக்கிறோம். உள்ளே என்ன ஓடுகிறது என்று யோசிக்கவில்லை.

"ஒரு துண்டை வெட்டிப் போத்தலுக்குள்ளை பெற்றோல் விட்டு ஊறப் போடுங்கோ," என்றாள். "எலுமிச்சங்காய் ஊறுமோ ஊறாதோ எண்டு பாக்கிறேல்லையோ? அப்பிடித்தான்."

ஊறுகாய்ப் போத்தல் நாலு தந்தாள். மிஞ்சிக் கிடந்த பிளாஸ்டிக் ரியூபில் ஒரு துண்டை ஒன்றில் போட்டேன். ரியூப் சரிவராவிட்டால் வேறு எதைப் பூட்டுவது என்ற கேள்வியும் கூடவே வந்ததால், மற்றப் போத்தல்களுக்கும் ஆள் தேடினேன். சைக்கிள் ரியூப் றப்பரில் ஒரு கீலம். பழைய லொறி ஒன்றில் இருந்து கழற்றிய, துணி பின்னிய கறுத்த றப்பர்க் குழாயில் விரல் நீளத் துண்டு. அது பெற்றோலுக்கென்றே செய்தது என்று விற்றவன் சத்தியம் பண்ணியிருந்தான், ஆனால் என்னிடம் இருந்ததே மொத்தம் ஒரு முழம். கடைசியாக ஒரு செப்புக் குழாய்த் துண்டு. நாலுக்கும் பெற்றோல் விட்டு, மூடியை இறுக்கி, குசினியில் இருந்து தூரமாக, வளவின் அந்தத்தில் வேலி நிழலில் வரிசையாக வைத்தேன். மச்சாள் எட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் புட்டோடை குழாய் ஊறுகாயோ?" என்று கேட்டார்.

முடிவு தெரியும் வரைக்கும் காரை எடுக்கவில்லை. மனைவி போகச் சொல்லியும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானாகத்தான் எடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் பல் தீட்ட முன்னரே வேலிப் பக்கம் போய்விடுவேன். நாளோ போய்க்கொண்டிருந்தது. மருத்துவிச்சி ஒருமுறை வந்து தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் குறுக்கைதான்" என்றார். வேறு ஒருவரின் காரைக் கேட்பதா என்று மச்சாள் மெல்லக் கதையெடுத்தார். கேட்கத்தான் வேண்டும் என்று நானும் மனத்துக்குள் தயாராகிவிட்டேன். மானம் போனால் போகட்டும், அவள் போய்ச் சேர வேண்டும்.

ஐந்தாம் நாளே தெரிந்துவிட்டது. எட்டாம் நாள் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு ஊர்காவற்றுறைக்கு பஸ்ஸில் போனேன். பெற்றோலைக் கீழே ஊற்றிவிட்டுத் துண்டுகளோடு மட்டும்தான். கொண்டக்டர் மணந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

கடல் மெக்கானிக் அண்ணை முதலில் நன்றாகக் கோபித்தார்.

"யேசுவே! எனக்கு ரியூப் படிப்பிக்க வந்திட்டீரோ? நான் இதைப் பூட்டின வள்ளங்களை எண்ண ஏலுமோ உமக்கு?"

துண்டுகளை அவருடைய மேசையில் வரிசையாக வைத்தேன். சைக்கிள் றப்பர் தண்ணீரில் ஊறிய விரல் போல வீங்கிப் பருத்து, கிள்ளினால் பிய்ந்தது. லொறிக் குழாய் போட்டபடியே கிடந்தது. செப்பு கழுவி வைத்த மாதிரி இருந்தது. பிளாஸ்டிக் துண்டு மஞ்சளாகி, சுருங்கி, எலும்பு மாதிரி இறுகியிருந்தது. அண்ணை அதை எடுத்தார். வளைத்தார். டிக் என்று இரண்டாக முறிந்தது.

முறிந்த இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்.

"நீர் இதோடையோ சனத்தை ஏத்தித் திரிஞ்சனீர்?"

"ஓம் அண்ணை."

"வாரும்," என்றார். சேட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார்.

எங்கள் வீட்டு முற்றத்தில் அவர் பொனற்றைத் திறந்து, வலப்பக்கத்து மூட்டில் கை வைத்தார். இழுக்கவில்லை, தொட்டார் என்றுதான் சொல்லவேண்டும். ரியூப் கையோடு வந்துவிட்டது. நைலோன் கட்டு சுற்றினபடியே, ஒரு நூல் பிரியாமல், இறுக்கமாக இருந்தது. அதற்குள்ளே ரியூப் சுருங்கி நழுவி வந்திருக்கிறது, நான் பூசின சவர்க்காரம் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. நேர் கீழே ஒரு சாண் தூரத்தில் புகைக்குழாய். கொதிக்கிற புகைக்குழாய். ஒரு சொட்டு விழுந்தால் போதும்.

யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்து அண்ணை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, உம்மடை மூக்குக்கு நான் மெழுகுதிரி கொளுத்தவேணும்."

"எனக்கு வேண்டாம் அண்ணை," என்றாள் அவள். "காருக்கு நல்ல குழாயாய்ப் போடுங்கோ, காணும்."

பயத்தோடு சேர்ந்து எனக்கு ஒரு ஆறுதலும் வந்ததை இன்றைக்கும் நினைக்கிறேன். கெட்டது என்ன என்று தெரிந்துவிட்டது. அது கையில் இருக்கிறது. இனி அதைக் கழற்றி எறியலாம்.

நீளக் குழாயைச் செம்பில் போடுவது, எஞ்சின் ஆடுகிற இடத்தில் மட்டும் லொறிக் குழாயைப் போடுவது என்று தீர்த்தோம். செம்பை நேரே எஞ்சினில் பூட்டினால் ஆட்டத்தில் களைத்து வெடித்துவிடும் என்பது அண்ணைக்கு வள்ளத்தில் கண்ட அனுபவம். அவரே மறுநாள் ஒரு செப்புச் சுருளோடு வந்தார். தம்பியாருக்குக் கட்டப்போகிற புது வள்ளத்துக்கென்று எடுத்து வைத்திருந்ததாம். "வள்ளத்துக்கு இன்னும் மரமே வரேல்லை. பிள்ளை மரத்துக்குக் காத்திராது" என்றார். சிரட்டை நெருப்பு மூட்டி, செம்பை முழம் முழமாகச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தோம். அதற்குப் பிறகு அது தென்னோலை ஈர்க்கு மாதிரி சொன்ன பக்கம் வளைந்தது. இந்த முறை புகைக்குழாய்க்கு மேலாகப் போகாமல், காரின் இடப்பக்கச் சட்டத்தோடு கொண்டுவந்து, முன்னால் சுற்றிப் பம்புக்கு விட்டோம். சட்டத்தில் உரசுகிற இடமெல்லாம் என் பழைய றப்பர்ச் செருப்பை வெட்டி மெத்தை வைத்தோம். நூல் கட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் திருகி இறுக்கும் பித்தளைக் கிளிப். செம்பை உப்பு பச்சையாக்கும், ஆனால் இரும்பைப் போலத் தின்றுவிடாது. மிஞ்சிய லொறிக் குழாய்த் துண்டு கால் முழம். அதைப் பத்திரமாக அலுமாரிக்குள் வைத்தேன்.

பூட்டி முடித்து, ஒரு பகல் முழுக்க எஞ்சினை ஓடவிட்டு, பொனற்றை மூடி, கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு வெயிலில் விட்டோம். பின்னேரம் அவளைக் கூப்பிட்டோம். கடல் மெக்கானிக், மச்சாள், நான் மூன்று பேரும் வரிசையாக நின்றோம், சோதனை மறுமொழிக்கு நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. கதவைத் திறந்தாள். தலையை விட்டாள். இந்த முறை உடனே எடுக்கவில்லை. உள்ளே இருந்தபடியே அவளுடைய குரல் வந்தது.

"செருப்பு மணக்குது."

அண்ணை கைகொட்டிச் சிரித்தார். "வேறை?"

"வேறை ஒண்டுமில்லை."

மூன்று நாள் வெறுங்காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, நாலாம் நாள் காலையில், வெயில் ஏற முன்னம் புறப்பட்டோம். பின் சீற்றில் அவளும் மச்சாளும், மடியில் உடுப்புப் பெட்டி. பண்ணைப் பாலத்தில் காற்று நன்றாக அடித்தது, கடல் எழும்பிக் கண்ணாடியில் தெறித்தது. பாலத்தின் நடுவில் காரை நிறுத்தினேன்.

"ஏன் நிப்பாட்டினியள்?"

"ஒருக்கா இறங்கிக் குழாயைப் பாத்திட்டு வாறன்."

"நான் மணந்துகொண்டுதானே வாறன். ஓடுங்கோ."

ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் அவள் இறங்கி, மச்சாளின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவன், காரின் மட்காட்டில் அப்படியே சாய்ந்துவிட்டேன். எத்தனையோ பேரை அந்த வாசலில் இறக்கியிருக்கிறேன். ஆளை இறக்கிவிட்டு அழுதது அன்றைக்கு மட்டும்தான்.

டொக்டர் சோதித்துப் பார்த்து, பிள்ளை தலைகீழாய்ச் சரியாகத்தான் இருக்கிறது, யார் குறுக்கே என்று சொன்னது என்று கேட்டாராம். முந்தாநாள் திரும்பவும் வந்து பார்த்த மருத்துவிச்சி குறுக்கே என்றுதானே சொல்லியிருந்தார். மச்சாள் வெளியே வந்து எனக்குச் சொன்னார். "வேலணை றோட்டுக் கிடங்கெல்லாத்தையும் நீங்கள் விட்டு எடுத்த எடுப்பிலை, உள்ளை இருந்த பிள்ளை தானாய் எழும்பித் திரும்பியிருக்கும்." அது எப்படித் திரும்பினதோ, ஒன்பதாம் நாள் கத்தி படாமல் பெண்பிள்ளை பிறந்தது.

கூட்டிவரப் போன நாள், பிள்ளையைத் துவாயில் சுற்றிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள். நான் கதவைத் திறந்துவிட்டேன். ஏறவில்லை. முதலில் தன் தலையை உள்ளே விட்டாள். பிறகு பிள்ளையின் முகத்தையும் உள்ளே காட்டி, "நீயும் ஒருக்கா மணந்து பார்" என்றாள். பின்னால் வந்த கார்க்காரன் ஹோன் அடித்தான். பிள்ளை கண்ணைத் திறக்கவேயில்லை, வாயை ஒருமுறை அசைத்துவிட்டு நித்திரையைத் தொடர்ந்தது.

"சரி," என்றாள் என்னைப் பார்த்து. "எடுங்கோ காரை."